பாவம், தூங்கட்டும்

பெரியப்பா விழுந்தது ராத்திரி இரண்டே முக்காலுக்கு. குடலிறக்க அறுவை முடிந்த இரண்டாவது ராத்திரி. சிறுநீர் முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்துப் பெரியம்மா படுத்திருந்தாள். இரண்டு நாளாகக் கண் மூடாதவள், அப்போதுதான் அசந்திருந்தாள். அவளை மிதித்துவிடாமல் காலை எட்டி வைத்து இறங்கியிருக்கிறார். சலைன் ஸ்டாண்டின் சக்கரம் நகரவில்லை. பாட்டிலைக் கொக்கியிலிருந்து கழற்றி இடது கையில் உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வலது கையில், அவிழ்ந்துகொண்டே வந்த லுங்கி. பாத்ரூம் பதினைந்து தப்படி இருக்கும். வழியெல்லாம் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி பளபளவென்று இருந்தது. பிடிக்கத்தான் கை இல்லை.

இடது தொடை எலும்பு, இடுப்போடு சேரும் கழுத்தில் முறிந்துவிட்டது. குடலிறக்கத்துக்காக வந்தவர் அதைவிடப் பெரிய அறுவைக்கு ஆளானார். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அன்றைக்கு அங்கே நடந்தது, எந்த ஊரில் எந்த வார்டிலும் நடக்கக்கூடியதுதான்.

“ஏன் பெரிம்மாவ எழுப்பல?” என்று கேட்டோம்.

“பாவம், தூங்கட்டும்னுதான்.”

அன்று எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, அவர் சொன்னது சாக்கு இல்லை என்று. நோயாளி விழுவதற்கான காரணங்களில் முக்கியமான ஒன்றை இரண்டே சொல்லில் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தம், தசை, மாத்திரை, ஈரத் தரை எல்லாம் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால், யாரையும் தொந்தரவு செய்யக்கூடாது என்கிற ஒரு முடிவு இருக்கிறது.

பெரியப்பா ஆரணியில் ஐம்பது வருஷம் பட்டு நெய்தவர். பட்டும் அரிசியும்தான் ஆரணியின் அடையாளம். டவுனிலும் ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றியுள்ள ஊர்களிலும், தெருவில் நடந்தாலே தறிச் சத்தம் கேட்கும். குழித்தறி என்றால், நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்கட்டைகளை மிதிப்பார். மிதிக்க மிதிக்கப் பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும், நாடா குறுக்கே ஓடும். குழிக்குள் வெளிச்சம் கிடையாது, குனிந்து பார்க்க நேரமும் கிடையாது. எந்தக் கட்டை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் காலுக்கே தெரியும். கண்ணுக்கு வேலை மேலே, பூவிலும் சரிகையிலும்.

அந்தக் கால், மொசைக் தரையில் பதினைந்து தப்படி தாண்ட முடியாமல் போனது எப்படி?

நாம் நிற்பது பார்க்க எளிதாக இருக்கிறதே தவிர, உடம்பைப் பொறுத்தவரை ஓயாத வேலை. உடலின் எடை மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு முன்னால் இருக்கிறது. அதைத் தாங்குவதோ இரண்டு பாதங்களின் சிறிய பரப்பு. துடைப்பத்தை உள்ளங்கையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு விளையாடும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். கை ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. நிற்கும்போது கணுக்காலும் அப்படித்தான், சாய்ந்து சாய்ந்து மீட்டுக்கொண்டே இருக்கிறது. சாய்கிறோம் என்று மூளைக்குச் சொல்வது மூன்று வழிகள்: கண், காதின் உட்புறத்தில் திரவம் நிரம்பிய அரைவட்டக் குழாய்கள், உள்ளங்காலிலும் மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்வு நரம்புகள். மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு போனால் சிரமம். தடுமாறத் தொடங்கிய பிறகு தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது. அதற்குள் சாய்வை உணர்ந்து, காலை எடுத்து வைத்து, கையை நீட்டி எதையாவது பற்ற வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெர்லினில் இருந்த மோரிட்ஸ் ராம்பெர்க் என்ற மருத்துவர், தண்டுவட நோயாளிகளிடம் ஒன்றைக் கவனித்தார். கண் திறந்திருக்கும்வரை நிற்கிறார்கள், மூடச் சொன்னால் ஆடுகிறார்கள். இன்றும் எந்த நரம்பியல் மருத்துவரும் செய்து பார்க்கும் சோதனை அது. முகம் கழுவக் கண்ணை மூடும் நேரத்தில் இப்படிப்பட்ட நோயாளிகள் தள்ளாடுவார்கள். காலிலிருந்து வர வேண்டிய செய்தி ஏற்கெனவே நின்றுபோயிருக்க, கண்ணும் மூடிக்கொண்டால் மிச்சம் காது மட்டும்தான். விளக்கணைத்த வார்டும் கண்ணை மூடிக்கொண்டது போலத்தான்.

உள்ளங்காலின் உணர்வு என்று வரும்போது வேலூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரணிக்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றாலே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிதான், எங்கள் வீட்டில் அதன் பெயரே ‘சிஎம்சி’. 1946இல் அங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரலும் பாதமும் அழிவது சதை தானாக அழுகுவதால் இல்லை என்று காட்டினார். நோய் நரம்பைத் தாக்கி வலியை எடுத்துவிடுகிறது. வலி இல்லாத கால், ஆணி குத்தினாலும் நடந்துகொண்டே இருக்கும். வலியை ஒரு வரம் என்றே அவர் பேசியும் எழுதியும் வந்தார். இன்று அதே கதையை நம் ஊரில் சர்க்கரை நோய் நடத்திக்கொண்டிருக்கிறது. பல வருஷம் சுகர் இருப்பவரிடம் கேட்டால், “பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்குப்பா” என்பார். பெரியப்பாவும் சொன்னார். வயசானா அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் தலையாட்டினோம். மிதிக்கட்டையைத் தேடிப் பிடித்த கால், தரையைத் தேடத் தொடங்கியிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

அடுத்தது ரத்தம். படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலேயும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கண்டு, ரத்தக்குழாய்களைச் சுருக்கச் சொல்லும், இதயத்தை விரைவுபடுத்தும். இளவயதில் நமக்கு இது தெரிவதேயில்லை. வயதானவருக்கு இந்தப் பதில் தாமதமாகும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால், மருத்துவர்கள் அதை ஒரு கோளாறாகவே எழுதுவார்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை எல்லாம் இதைக் கூட்டும். பெரியப்பாவுக்கு அறுவைக்குப் பிறகு சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று அன்று ராத்திரி ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். புராஸ்டேட் பகுதியின் தசையைத் தளர்த்தும் வகை. அது ரத்தக்குழாயின் தசையையும் கொஞ்சம் தளர்த்தும். ஒரு பக்கம் சலைன் ஏறி மூத்திரப்பையை நிரப்புகிறது, மறு பக்கம் மாத்திரை, எழுந்தால் அழுத்தம் இறங்க ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. இரண்டும் சரியான சிகிச்சைதான். சேர்ந்து வந்த நேரம்தான் கெட்ட நேரம்.

கட்டிலையும் சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்கப் பாயில் படுத்தவர் அவர். தறிக்குழியிலிருந்தும் பாயிலிருந்தும் இரு கையையும் தரையில் ஊன்றித்தான் எழுந்து பழக்கம். மருத்துவமனைக் கட்டிலின் உயரம், சிஸ்டர் குனியாமல் ஊசி போட வசதியாக வைத்தது. பெரியப்பா ஐந்தடி இரண்டங்குலம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் கால் தொங்கும், தறியில் தொங்குவது போல. ஆனால் கீழே கட்டை இருக்காது.

இதையெல்லாம் முன்பே கணித்திருக்க முடியாதா? முடியும். கனடாவில் பணியாற்றிய செவிலிய ஆய்வாளர் ஜானிஸ் மோர்ஸ் 1980களில் ஓர் அளவுகோல் தயாரித்தார். உலகம் முழுக்க, நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகள் உட்பட, இன்றும் பயன்படுகிறது. ஆறே கேள்வி. பெரியப்பாவுக்கு நான் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்பு விழுந்ததுண்டா? போன தீபாவளிக்கு முன்னால் தறி வீட்டில் வழுக்கி விழுந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை: 25. ஒன்றுக்கு மேற்பட்ட நோய் உண்டா? உண்டு: 15. எதைப் பிடித்து நடக்கிறார்? கட்டில், மேசை, சுவர் என்று கையில் கிடைப்பதை: 30. நரம்பில் ஊசி இருக்கிறதா? 20. நடை? தளர்ந்த நடை: 10. தன் பலத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்? என்னால் முடியும் என்று: 15. மொத்தம் 115. உச்சமே 125தான், 45ஐத் தாண்டினாலே அதிக ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும் மருத்துவமனைகள் உண்டு.

எனக்கு அந்தக் கடைசிக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். உடம்பைப் பற்றிய ஐந்து கேள்விக்குப் பிறகு, மனுஷனைப் பற்றி ஒன்று.

காகிதம் பேனா இல்லாத சோதனையும் ஒன்று உண்டு. 1997இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு பக்க அளவில் ஒன்றை எழுதினார்கள். முதியோர் 58 பேருடன் கூடவே நடந்து பேச்சுக் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேர், பதில் சொல்வதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டில் பத்துப் பேர் விழுந்தார்கள். நடப்பது தானாக நடக்கும் காரியமாக இருக்கும்வரை, மூளைக்குப் பேச இடம் மிச்சம் இருக்கும். ஒவ்வோர் அடியையும் யோசித்து வைக்க வேண்டி வந்தால் பேச இடம் இருக்காது. பெரியப்பா தெருவில் யாராவது கூப்பிட்டால் நின்று, திரும்பி, முகம் பார்த்துப் பதில் சொல்வார். எவ்வளவு மரியாதை தெரிந்தவர் என்று ஊரே பேசும். நாங்களும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனால் மதிப்பெண் போடுவது வேறு, தடுப்பது வேறு. இந்தத் துறையில் சுவாரசியமே அங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் தோன்றுகிற வைத்தியம் பெரும்பாலும் பலிக்கவில்லை. நோயாளி எழுந்தால் அலறும் படுக்கை மணியை அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் பதினாறு பிரிவுகளில் சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். மணி அதிகம் அடித்தது, விழுவது குறையவில்லை. மணி சொல்வது எழுந்தாகிவிட்டது என்பதைத்தானே. ஆஸ்திரேலியாவில் ஆறு மருத்துவமனைகளின் 24 வார்டுகளில், ஆபத்துப் பலகை, தாழ்வான கட்டில், மணி, பாத்ரூம் துணை என்று ஆறு ஏற்பாடுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு: வித்தியாசம் இல்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இலேயே, மதிப்பெண் போட்டு ஆளைப் பிரிக்காதீர்கள், 65 வயது தாண்டிய உள்நோயாளிகள் எல்லோரையும் விழக்கூடியவர்களாகவே வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் என்ன குறை என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டது.

கட்டிலின் பக்கக் கம்பியைத் தூக்கிவிட்டால் பத்திரம் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அவசரம் வந்தவர் கம்பியைத் தாண்டி ஏறுவார். இரண்டடி உயரத்திலிருந்து விழ வேண்டியவர் நாலடி உயரத்திலிருந்து விழுவார்.

இதைவிட மோசமானது, விழுந்தால்தானே வம்பு என்று படுக்கவைத்தே வைத்திருப்பது. அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, மருத்துவமனைக்குள் விழுந்து பட்ட காயத்துக்கு இனிக் கூடுதல் பணம் தரமாட்டோம் என்று 2008 அக்டோபரில் நிறுத்தியது. நோக்கம் நல்லது. ஆனால் அது முதியவர்களை நடக்கவிடாமல் கட்டிலிலேயே இருத்தத் தூண்டுகிறது என்று மருத்துவர்களே எழுதத் தொடங்கினார்கள். நடக்காதவன் விழமாட்டான் அல்லவா! ஆனால் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஒரு சோதனையில், காலில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி. பத்து நாள் பத்திரமாகப் படுக்கவைத்து, பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பினால், அவர் வீட்டில் விழுவார். மருத்துவமனையின் கணக்கில் அது வராது.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆயிரம் படுக்கை நாளுக்கு எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதுதான் உலக வழக்கு. நம் நாட்டில் என்ஏபிஎச் தரச்சான்று பெறும் மருத்துவமனைகளும் இப்படித்தான் எண்ண வேண்டும். முப்பது படுக்கை நிரம்பிய ஒரு நர்சிங் ஹோமுக்கு ஆயிரம் படுக்கை நாள் என்பது ஒரு மாதமும் சில நாளும். வெளிநாட்டுப் பொது மருத்துவமனைகளில் மூன்று முதல் ஐந்து வரை என்று பதிவாகிறது. பிரசவத்துக்கு வந்த இளம்பெண்கள் நிறைந்த வார்டில் குறைவாகவே இருக்கும், சரி. ஆனால் முதியவர்கள் நிறைந்த மருத்துவமனையில் வருஷம் முழுக்கப் பூஜ்யம் என்று எழுதியிருந்தால், அங்கே நோட்டுப் புத்தகம்தான் விழவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். விழுந்ததைச் சொன்ன சிஸ்டரைத் திட்டுகிற இடத்தில் அடுத்தவர் சொல்லமாட்டார்.

எது பலித்தது? ஆச்சரியம், பேச்சு. 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. எட்டு மறுவாழ்வுப் பிரிவுகள். நினைவு தெளிவாக உள்ள நோயாளிகளிடம் பயிற்சி பெற்ற ஒருவர் தனித்தனியாக உட்கார்ந்து பேசினார். நீங்கள் ஏன் விழக்கூடும், எந்த நேரத்தில், அப்போது என்ன செய்வீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார். நோயாளி சொன்னதைப் பிரிவின் ஊழியர்களிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தார். விழுவது நாற்பது சதவீதம் அளவுக்குக் குறைந்தது. அமெரிக்காவில் 2020இல் இன்னொன்று: கட்டில் தலைமாட்டில் படம் போட்ட அட்டை, இவருக்கு இன்ன ஆபத்து, இன்ன துணை வேண்டும் என்று நோயாளியையும் குடும்பத்தையும் கூட வைத்துக்கொண்டு நிரப்பினார்கள். விழுவது 15 சதவீதமும், காயத்தோடு விழுவது 34 சதவீதமும் குறைந்தன.

குடும்பம் என்று வந்ததும் நம் வார்டு நினைவுக்கு வருகிறது. அங்கே குடும்பத்தைக் கூப்பிட வேண்டும், இங்கே குடும்பம் கட்டிலுக்கடியிலேயே படுத்திருக்கிறது. பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. ராத்திரி வார்டில் போய் எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு தூரத்துக் கனவு என்று. மிச்ச வேலையைச் செய்வது ‘அட்டெண்டர்’ என்று பாஸ் கொடுக்கப்பட்ட மனைவி, மகள், மருமகள். மருந்து வாங்கிவருவது, சாப்பாடு ஊட்டுவது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவள்தான். ஆனால் அவளிடம் யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. அவள் தூங்க ஒரு பெஞ்சு கிடையாது. அவள் பாயே, எழுந்து வருபவருக்கு முதல் தடையாகிறது.

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் வி.எஸ்.நடராஜன் 1978இல் முதியோருக்கென்று தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கினார், இந்தியாவில் அதுதான் முதல். முதியோர் மருத்துவம் சொல்லும் அடிப்படைப் பாடங்களில் ஒன்று, விழுவது காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி என்பது. கவனக்குறைவு என்று திட்டிவிட்டுப் போகாமல், ஏன் என்று தேட வேண்டும். தேடினால், சுகர் தின்ற உள்ளங்கால், புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை, கண்புரை, உயரமான கட்டில் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பெரியப்பாவின் இரண்டாவது அறுவை வேறொரு மருத்துவமனையில் நடந்தது. அங்கே இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். முதல் நாள் அவர் கட்டிலிலிருந்து வேகமாக எழப் பார்க்க, தோளில் கை வைத்து உட்காரவைத்தாள்.

“தாத்தா என்ன வேலை செஞ்சீங்க?”

“தறி.”

“மிதிப்பீங்கல்ல? உக்காந்தபடியே பத்து மிதி மிதிச்சிட்டு அப்புறம் எழுந்திருங்க.”

கட்டிலுக்கடியில் ஒரு முக்காலியையும் இழுத்துப் போட்டாள், கால் ஊன்ற. கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போது, காலில் தேங்கிய ரத்தத்தை மேலே பிதுக்கித் தள்ளும். அதனால்தான் அதை இரண்டாவது இதயம் என்கிறார்கள். பாடப்புத்தகம் கணுக்கால் பயிற்சி என்று சொல்வதை அவள் ஆரணிப் பாஷையில் சொல்லிவிட்டாள். பெரியப்பா எண்ணி மிதித்தார். வலது, இடது. முகத்தைப் பார்த்தால் எதிரே பாவு ஓடுவது போலவே இருந்தது. ஒரு நிமிஷம் அப்படி உட்கார்ந்து, தலை சுற்றவில்லை என்று தெரிந்த பிறகே எழ வேண்டும், ராத்திரியில் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், தூங்கப் போகுமுன் ஒருமுறை பாத்ரூம் போய்வர வேண்டும் என்று அடுத்தடுத்துச் சொன்னாள். லுங்கிக்குப் பதில் நாடா வைத்த பைஜாமா வாங்கச் சொன்னதும் அவள்தான். ஒரு கையாவது மிச்சமாகட்டும் என்றாள்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. சிஸ்டரைக் கூப்பிடும் மணியை அடிக்க மாட்டேன் என்றார். ஒரு ஆள் மூத்திரத்துக்கு வார்டே முழிக்கணுமா? பெரியம்மாவைக் குரல் கொடுத்து எழுப்பவும் கூச்சம், பக்கத்துக் கட்டிலில் வேற்று மனிதர்கள்.

பெரியம்மா இதற்கு மேல் பேசவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துவந்தபோது, பாவு அறுத்த மிச்சப் பட்டு நூலைக் கைநிறையக் கொண்டுவந்தாள். நாலைந்து புரி சேர்த்து முறுக்கி, ஒரு முனையைத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். மறுமுனையைக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் கட்டினாள். நைட் டியூட்டி சிஸ்டர் பார்த்து, கால்ல சிக்கும்மா என்று அதட்டினார். அதுவும் நியாயம்தான். பாயைத் தலைமாட்டுப் பக்கம் நகர்த்திப்போட்டு, நூலையும் தொங்காத அளவுக்குச் சுருக்கிக் கட்டிய பிறகு, சிஸ்டரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

காலையில் நான் போனபோது பெரியப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி எப்படி என்று கேட்டேன். பெரியம்மா மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, “மூணு வாட்டி இஸ்தாரு” என்றாள்.